பதினான்காம் வீட்டில் ஊற்றிய நீர்

உம்முடைய குளியலறைக் கதவைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது, மூக்கு மறக்கவில்லை. செத்த எலி என்றால் அழுகிய இறைச்சியின் வாடை வரும். உடைந்த குழாய் என்றால் ஈர மண்ணின் நெடியும் சேர்ந்து வரும். இது இரண்டும் இல்லை. அழுகிய முட்டையைப் போல, ஆனால் உலர்ந்த ஒரு வாடை. முகத்தில் மோதும், ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். குளித்த தண்ணீர் வடியும் தரைக்குழி வற்றிவிட்டது, அவ்வளவுதான்.

உம்முடைய மகள் எனக்குப் பின்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“ரெண்டு பிளம்பர் வந்து பாத்துட்டாங்க அங்கிள். தரையை ஒடைக்கணும்னு சொல்றாங்க. அத்தாவோட ரூமை ஒடைக்க எனக்கு மனசு வரலை.”

“ஒண்டும் உடைக்கத் தேவையில்லை பிள்ளை. ஒரு வாளி தண்ணி கொண்டு வாங்கோ. சமையல் எண்ணெயும் ஒரு கரண்டி.”

“எண்ணெயா?”

“ஓம். உங்கட அத்தா கண்டுபிடிச்ச வைத்தியம்.”

உம்முடைய முழங்காலுக்குப் படி ஏற ஏலாமல் போனபின், ஹவுன்ஸ்லோ வீட்டின் கீழ்த்தளத்தில் உமக்கென்று கட்டிய குளியலறையாம் அது. வசந்தத்தில் நீர் கண்மூடியபிறகு அவள் அதைப் பூட்டிவிட்டாள். ஒருவரும் குளிக்கவில்லை, ஒருவரும் தண்ணீர் ஊற்றவில்லை. இந்த வருடம் லண்டனில் அடித்த வெயிலும் உமக்குத் தெரியாது. புல்லெல்லாம் வைக்கோலாகிவிட்டது. உமது குழியும் காய்ந்துவிட்டது.

என்னுடைய எண் உம்முடைய கைபேசியில் “யாழ்ப்பாணம் இன்ஜினியர்” என்று இருந்ததாம். பைப்பில் ஏதாவது என்றால் இவரைக் கேள் என்று சொல்லி வைத்திருந்தீராம். எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் கேட்டு அந்த எண்ணை வாங்கினீராம். ஒரு தடவைகூட நீர் அழைக்கவில்லை. நானும் உம்முடைய ஜனாசா அடக்கத்துக்கு வரவில்லை. செய்தி கிடைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கிடைத்தது, வரவில்லை. அதை முதலில் சொல்லிவிட்டே இதை எழுதுகிறேன்.

அந்தப் பாலைவன நாட்டில் நாம் ஒரே அறையில் இருந்த முதல் கிழமையே உமக்கு என் தமிழ் வேடிக்கையாகிவிட்டது. நீர் ராமநாதபுரத்துக்காரர். பதினைந்து வயதிலிருந்து குழாய் வேலை. நான் பொறியியல் படித்துவிட்டு, யுத்தத்துக்குப் பயந்து, கிடைத்த வேலைக்கு, ஒரு நிறுவனத்தின் முப்பது குடியிருப்பு வீடுகளைப் பராமரிக்கும் மேற்பார்வையாளராக வந்தவன். நான் மேலாள், நீர் கீழாள் என்று காகிதத்தில் இருந்தது. மேன்ஹோலுக்குள் தலையை விட்டுப் பார்த்த அன்றே அது தலைகீழாகிவிட்டது.

“யோவ் இன்ஜினியரு, என்னய்யா நீர் நீர்ங்கிற. நான் என்ன தண்ணியா?”

“அது மரியாதை. நீ எண்டால் குறைவு. நீங்கள் எண்டால் தூரம். நீர் எண்டால் சரியான அளவு.”

“அப்பத் தண்ணி வேணும்னா என்னான்னு கேப்ப?”

“தண்ணி எண்டுதான்.”

எங்கள் பேச்சில் குடிப்பதும் குளிப்பதும் தண்ணி. நீர் என்றால் ஆள். அதை உமக்கு விளங்கப்படுத்த ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. ஏழாம் வீட்டுச் சமையலறையைப் பார்த்துவிட்டு, குசினி மணக்குது என்று நான் வந்து சொன்னபோது, “மணந்தா நல்லதுதானய்யா, பிரியாணி போடுறாங்களோ என்னமோ” என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தீர். எங்களுக்கு நாற்றமும் மணம்தான் என்று சொன்னதும் தேநீர் மூக்கில் ஏறும்வரை சிரித்தீர்.

அந்த முப்பது வீடுகளிலும் இருந்த சாக்கடைப் பிரச்சினைகள் இந்த ஊர்ப் பிரச்சினைகள் அல்ல. இங்கே குழாய்க்குள் அழுக்கு அடைக்கும். அங்கே வெயில் அடைக்கும். கோடையில் இரண்டு மாதம் குடும்பங்கள் தத்தமது நாடுகளுக்குப் போய்விட, பூட்டிய வீட்டில் ஒவ்வொரு தரைக்குழியாக வற்றும். குழிக்கு அடியில் வளைந்த குழாயில் தேங்கி நிற்கும் அந்தக் கோப்பைத் தண்ணீர்தான் வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவில் உள்ள கதவு. அது வற்றினால் கதவு திறந்துவிடும். முதலில் வாயு வரும், பிறகு கரப்பான் வரும். கடைசியில் வீட்டுக்காரி வந்து கத்துவாள். தண்ணீரின் மேல் ஒரு கரண்டி எண்ணெய் மிதக்கவிட்டால் அது வற்றாது என்று நீர் சொன்னபோது நான் நம்பவில்லை. படித்தவன் அல்லவா. ஒரு கோடை முடிந்து நாமிருவரும் போய்ப் பார்த்தபோது எண்ணெய் ஊற்றிய வீடுகளில் வாடை இல்லை. நீர் வாயை மட்டும் ஒரு பக்கமாக இழுத்தீர்.

பிறகு மணல். காற்றடித்தால் மேன்ஹோல் மூடியின் இடுக்கு வழியாக இறங்கி, கொழுப்போடு சேர்ந்து அடியில் கல்லாகிவிடும். அதைக் கழுவ ரப்பர்க் குழாயை உள்ளே விட்டு மணிக்கணக்காகத் தண்ணீரைத் திறந்துவிடுவீர். கூரையில் நீட்டியிருந்த காற்றுக் குழாய்கள் வெயிலில் பிஸ்கட் போல நொறுங்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை மரங்கள். நிழலுக்கென்று மதிலோரம் நட்ட மரங்களுக்கு அந்த மண்ணில் குடிக்க எங்கே தண்ணீர்? குழாய்ப் பொருத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வேர் அதைக் கண்டுபிடித்துவிடும். உள்ளே புகுந்து தலைமுடி போலப் பரந்து அடைக்கும். “அதுக்கும் தாகம்தானய்யா” என்று நீர் அதற்குப் பரிந்து பேசுவீர். வேரைக் கொல்ல மயில்துத்தம் என்ற நீல மருந்தைக் கரைத்து ஊற்ற வேண்டும். ஊற்றியபின் ஒரு நாள் அந்தக் குழாயில் சொட்டுத் தண்ணீர் போகக்கூடாது. போனால் மருந்தும் போய்விடும், அடைப்பில் மோதிய தண்ணீர் வீட்டுக்குள்ளும் திரும்பிவிடும்.

பதினான்காம் வீடு நிறுவனத்தின் பெரிய அதிகாரி ஒருவருடையது. அந்த வீட்டின் தரை மற்ற வீடுகளைவிட ஒரு சாண் தாழ்வு. குடும்பம் மறுநாள் விடுமுறை முடிந்து வர இருந்தது. பின்பக்க மேன்ஹோலில் வேர் அடைத்திருந்ததை நான் மட்டும்தான் பார்த்திருந்தேன். நான் மருந்து டின் ஒன்றை வாங்கி வந்து, நீர் வேன் என்று சொல்லும் எங்கள் வானில் வைத்திருந்தேன். நீர் பதினோராம் வீட்டில் வேலையாக இருந்தீர். அப்போதுதான் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. கொழும்பிலிருந்து எனக்குத் தொலைபேசிக் கோல், அரை மணித்தியாலத்தில் திரும்ப எடுப்பார்களாம்.

அந்த நாட்களில் யுத்தத்தால் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்து நடந்துகொண்டிருந்தது. அம்மா எங்கே என்று மூன்று கிழமையாகத் தெரியாது. நான் ஒரு சீட்டைக் கிழித்து எழுதிக் களஞ்சியக் கதவில் குத்திவிட்டு வானை எடுத்துக்கொண்டு போனேன். சீட்டில் எழுதியது இவ்வளவுதான்: “14. பின்பக்க மேன்ஹோல். நான் வர நேரமாகும். நீர் ஊற்றும்.”

நீர் வாசித்தீர். ரப்பர்க் குழாயை மேன்ஹோலுக்குள் விட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனீர். திரும்பி வரும்போது குளியலறைத் தரைக்குழி ஊற்றுப் போலக் கொப்பளித்து, சாக்கடை நீர் கூடத்துக்குள் புகுந்து, கம்பளங்கள் எல்லாம் மிதந்தன.

மறுநாள் காலை மேலாளரின் அறை. அந்த ஆள் சீட்டை உம்மிடம் நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

தண்ணீர் ஊற்று என்பதை ஆங்கிலத்தில், “போர் வாட்டர், சார்,” என்றீர்.

நான் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன். எங்கள் வழக்கில் அந்தச் சொல்லுக்கு ‘நீ’ என்று பொருள், நான் அவரைத்தான் ஊற்றச் சொன்னேன், மருந்து டின்னை மேன்ஹோலுக்கு மேலே மதிலில் வைத்துவிட்டுத்தான் போனேன். மேலாளருக்கு வழக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. இருவரும் ஒரே மொழிதானே பேசுகிறீர்கள் என்றார். பிறகு உம்மைப் பார்த்து, மதிலில் டின் இருந்ததா என்று கேட்டார்.

நீர் உமது செருப்பைப் பார்த்தீர். 

“ஐ டோன்ட் நோ, சார்.”

இந்த வார்த்தைகளைத்தான் நான் இத்தனை வருடமும் தூக்கித் திரிந்தேன். உமக்கு வேலை போனால் ராமநாதபுரத்துக்குப் போவீர். எனக்கு வேலை போனால் விசா போகும், விசா போனால் போக ஊர் இல்லை. அது உமக்குத் தெரியும். முதல் நாள் பின்னேரம்தான் அம்மா சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறா என்று உமக்குச் சொல்லியிருந்தேன். நீர் என் தோளில் கை வைத்திருந்தீர். அதே நீர், “இருந்தது சார்” என்ற ஒரு வரியைச் சொல்ல ஏலாமல் செருப்பைப் பார்த்தீர். இரண்டு வருடமாக அந்தச் சொல்லை வைத்து என்னைக் கேலி செய்த மனிதர், இவன் என்னை இப்படித்தான் கூப்பிடுவான் சார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பத்து நாளில் என்னை அனுப்பிவிட்டார்கள். கொழும்பு லொட்ஜ் ஒன்றில் பதுங்கி இருந்து, பிறகு ஏஜென்சிக்காரன் கை காட்டிய வழியெல்லாம் அலைந்து, ஒன்பது மாதத்தில் இங்கே வந்து சேர்ந்தேன். என்னுடைய பட்டத்தை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. இப்போது வீட்டுத் திருத்தவேலைக்கு அழைப்பவர்களின் முறைப்பாட்டைப் பதிந்துகொள்ளும் மேசையில் இருக்கிறேன். என்னோடு படித்தவர்கள் பாலம் கட்டுகிறார்கள். நான் யாருடைய சிங்க் அடைத்திருக்கிறது என்று எழுதுகிறேன். எனக்குக் கோபம் உம்மில் மட்டும் இல்லை. பிறகு கனடா போன அண்ணையில் இருக்கிறது, என்னைத் தங்கவைக்காத சொந்தக்காரரில் இருக்கிறது, கோயில் கூட்டத்தில் இருக்கிறது. ஆனால் எல்லாக் கோபத்தையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் அது அந்த அறையில், உமது செருப்பில் போய் நிற்கும்.

உம்முடைய மகள் தேநீர் போட்டுத் தந்தாள். தலைக்கு மேலே ஐந்து நிமிடத்துக்கொரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. குளியலறையில் வாடை குறைந்துவிட்டதா என்று அவள் இரண்டு தடவை போய் மோந்து பார்த்துவிட்டு வந்தாள்.

“அத்தா உங்களைப் பத்தி நெறையச் சொல்வாரு அங்கிள். ஒரே ரூம்ல இருந்தோம், என்னா படிப்பு, என்னா கையெழுத்துன்னு. அப்ப ஏன் அவர் நம்ம வீட்டுக்கு வர்றதில்லைன்னு கேட்டா மட்டும் டிவி சத்தத்தைக் கூட்டிருவாரு.”

நான் சொல்லத் தீர்மானித்தேன். உண்மையைச் சொல்கிறேன், நல்லெண்ணத்தில் அல்ல. நீர் இல்லாத வீட்டில், உம்முடைய நாற்காலியில் இருந்துகொண்டு, உமது மகளுக்கு உம்மை அறிமுகப்படுத்த வேண்டும் என்று தோன்றியது. சீட்டைச் சொன்னேன், சொல்லைச் சொன்னேன். அதற்கு அவள் சிரித்தாள். மேலாளரின் அறையைச் சொன்னபோது சிரிப்பு நின்றது. மதிலில் டின் இருந்தும் உங்கட அத்தா தெரியாது எண்டு சொன்னவர் என்று முடித்தேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். என்னைக் குறுக்குக் கேள்வி கேட்க நினைத்ததாகத் தெரியவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டாள்.

“அப்புறம் அந்த டின்னை யாரு எடுத்தா அங்கிள்?”

இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. நானும் என்னைக் கேட்டதில்லை. கதை சொல்லும்போதெல்லாம் டின் மதிலில் இருக்கும், அங்கேயே நின்றுவிடும். யார் எடுத்தது? வாயைத் திறந்தேன்.  அன்றைய அலுவலகத் தொலைபேசிதான் நினைவில் வந்தது. அண்ணையின் குரல். “அம்மா வந்து சேர்ந்திட்டா, காலிலதான் கொஞ்சம் வீக்கம்.” நான் அழுதுகொண்டு தொலைபேசியைப் பிடித்திருக்கும் கையைப் பார்க்கிறேன். விரல்களெல்லாம் நீலம். நகக்கண்ணுக்குள்ளும் நீலம். அந்த நீலத்தை நான் மறந்ததே இல்லை. அம்மா உயிரோடு இருந்த செய்தியின் நிறமாகவே அதை வைத்திருந்தேன். அது எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

அன்று அலுவலகத்துக்குப் போகும் வழியில், பிரதான வீதிக்குத் திரும்பும் இடத்தில் ஒரு மேடு. வான் தூக்கிப் போட்டது. பின்னால் டின் விழுந்து உருண்டு மூடி திறந்துகொண்டது. நிறுத்தி, இறங்கி, வியர்வைக் கையால் அந்த நீலக் கற்களை அள்ளி அள்ளிப் போட்டேன். புதிய டின். அதற்கு முன் அதைத் திறக்கவில்லை.

“வானுக்குள்ளதான் இருந்தது, பிள்ளை,” என்றேன்.

“எது?”

“டின்.”

அவள் என்னைப் பார்த்தாள். “அப்ப அத்தா எப்படி...” என்று தொடங்கியவள், பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

மதிலில் டின் இருக்கவில்லை. வேலை போகும் பயத்தில் அன்று சொன்னதை, சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். நீர் அங்கே போய் நின்றபோது வெறும் மதில்தான். இல்லை சார், அங்கே ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தால் அது உண்மை. உமக்கு அது நல்லது. நான் பொய்யன் என்று அன்றே, அந்த அறையிலேயே, என் முகத்துக்கு முன்னால் முடிவாகியிருக்கும். உமக்குத் தெரிந்திருந்த பதில் அது ஒன்றுதான். அதைச் சொல்லாமல் இருக்க நீர் தேடிக்கொண்ட வார்த்தை “ஐ டோன்ட் நோ.” உம்முடைய அரைகுறை ஆங்கிலத்தில் அதைவிடக் கூடுதலாக ஒரு மனிதனைக் காப்பாற்ற வழி இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். அப்படி எழுதினால் நீரே நம்ப மாட்டீர். அந்தச் சொல்லைப் பற்றி நீர் வாய் திறக்காததை நான் இன்னும் மறக்கவில்லை. திறந்திருந்தாலும் மேலாளர் கேட்டிருக்கமாட்டார் என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு வரி சரியாக எழுதத் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரித்த நான், எதை ஊற்றுவது என்று எழுதாமல் ஒரு வசனத்தை எழுதிவிட்டுப் போனேன். மருந்து என்று ஒரு சொல். அதை எழுத இரண்டு வினாடி போதும். உம்மில் கோபப்படுவது அதைவிடச் சுலபமாக இருந்திருக்கிறது.

இன்னுமொன்றையும் எழுதவேண்டும். அதை உமது மகளிடம் சொல்லவில்லை.

நாலு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு மளிகைக் கடை வாசலில் முருங்கைக்காய்க் கட்டோடு நீர் நின்றீர். தாடி முழுக்க வெள்ளை. ஒரு கையில் ஊன்றுகோல். நான் கண்டுவிட்டு மற்றப் பக்கம் கடக்கப் பார்த்தேன். “இன்ஜினியரே” என்று நடுவீதியில் கூப்பிட்டீர். நகைக்கடை வாசலில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிற்கவேண்டியதாகிவிட்டது.

“சுகமா இருக்கிறீரோ?” என்றீர். உம்முடைய ராமநாதபுரத்து வாயில் என்னுடைய தமிழ். நான் தலையை ஆட்டினேன்.

“எனக்கு முட்டி போச்சு. மக வீட்டுல இருக்கேன், ஹவுன்ஸ்லோ. வாய்யா ஒருநாள்.”  நீர் முருங்கைக்காய்க் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டீர். “யோவ், அன்னைக்கு அந்த டின்னு…”

“ஷிப்டுக்கு நேரமாச்சு,” என்றேன். நீர் கதை கட்டப் போகிறீர் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்காமல் நடந்து ஸ்டேஷன் படியில் இறங்கினேன்.

அன்று எனக்கு ஷிப்ட் இல்லை. வந்து நின்ற ரயிலில் ஏறி உட்கார்ந்தேன். நீர் எதைச் சொல்ல வந்தீர் என்று ரயில் அடுத்ததாகத் தரிக்கும்வரை யோசித்தேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கினேன். எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்துத் திரும்பி வந்தேன். கடை வாசலுக்குப் போய்ப் பார்த்தேன், உள்ளேயும் போய்ப் பார்த்தேன். நீர் போய்விட்டிருந்தீர்.

நான் உம்மைத் தவிர்த்துவிட்டுப் போனதை நீர் அறிவீர். அந்த நினைவோடுதான் போயிருப்பீர். திரும்பி வந்ததை ஒருவரும் உமக்குச் சொல்லவில்லை. எனக்கு மட்டும்தான் அது தெரியும். அதை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.